இரண்டாம் சுற்றுக்கு விட்ட கால்

பரந்தன் உதைபந்தாட்டக் கழகத்தின் முகாமையாளர் தயாபரனின் இடது கால், அவரைப் பிரிந்து பதினாறு ஆண்டுகளுக்குப் பிறகு, கிளிநொச்சி மைதானத்தில் நடந்த வீரர் தெரிவுக்கு வந்து மற்ற இளைஞர்களோடு வரிசையில் நின்றது. முழங்காலுக்குக் கீழே மட்டும்தான் இருந்தது. விரலிடுக்குகளில் கடற்கரை மணல் ஒட்டியிருந்தது. போரின் கடைசி மாதங்களில் மாத்தளன் கரையில், ஒரு பங்கர் வாசலில், அது துண்டிக்கப்பட்டபோது தயாபரனுக்குப் பதினேழு வயது. தகப்பன் அதைத் தன் சாரத்தில் சுற்றி மணலில் புதைத்துவிட்டு மகனைத் தூக்கிக்கொண்டு நடந்தார். தயாபரனுக்கு இப்போது நரை விழுந்துவிட்டது. காலுக்கு இன்னும் பதினேழு வயதுதான். வீரருக்குப் பதினாறு நிரம்பியிருக்க வேண்டும், வன்னியில் பிறந்திருக்க வேண்டும் என்பது லீக்கின் விதி. இரண்டும் பொருந்தியதால் செயலாளர் அதையும் சேர்த்துக்கொண்டார். ஒற்றைக் கால் எப்படி ஓடும் என்று கேட்டவர்கள், அது இடப்பக்கக் கோட்டோரமாகப் பந்தைக் கொண்டுபோனதைப் பார்த்தபிறகு கேட்கவில்லை.

சம்பளத்துக்கு விளையாடும் அந்த லீக்கில் ஆறு கழகங்கள் இருந்தன. முந்தைய ஆண்டு கடைசியாக வந்த கழகம் புதிய வீரர்களில் முதல் ஆளை எடுக்கும். மற்ற ஐந்தும் ஒவ்வொருவரை எடுத்து முடித்தபின் மறுபடி அதன் முறை வரும். அந்தப் பருவத்தில் முதல் தெரிவு பரந்தனுக்கு. பயிற்றுநர் நிருஷன் அதிகம் யோசிக்கவில்லை.

“அண்ணை, உங்கட காலெல்லோ. கண்ணை மூடிக்கொண்டு அதை எடுங்கோ.”

“உனக்கென்ன விசரே? போன வருசம் வாங்கின கோல்களை மறந்திட்டியே? சஜீவன் மாதிரி ஒரு கோல் காப்பாளன் இனிக் கிடையான். முதல் அவனை எடுப்பம். ஒற்றைக் காலை ஆர் முதல் சுற்றில எடுக்கப்போகினம்? அது நிக்கும்.”

“நிக்காட்டி?”

“நிக்கும். நாங்கள் அதைப் பாக்காமல் இருந்தால் சரி. பாத்தமெண்டால் மற்றவங்கள் மணந்து பிடிச்சிடுவாங்கள்.”

காலை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதைத் தவிர அந்த நாட்களில் தயாபரன் வேறெதையும் நினைக்கவில்லை. இல்லாத பாதத்தில் இத்தனை ஆண்டுகள் அரித்த அரிப்பு, அது மைதானத்துக்கு வந்த காலையில் நின்றுபோயிருந்தது. சாமி அறைக்குப் பக்கத்தில் அதற்கென்று ஓர் இடத்தை மனைவி ஜெயரூபி கூட்டிக் கழுவி வைத்திருந்தார். ஆனாலும் தயாபரன் தன் முடிவில் உறுதியாக நின்றார். கால் ஓடியபோது வானத்தைப் பார்த்தார், கோல் அடித்தபோது சஜீவனோடு கதைத்தார். இரண்டாம் நாள் சோதனை ஆட்டத்தின் இடைவேளையில் அது அவருடைய கதிரைக்கு முன்னால் வந்து, செயற்கைக் காலின் சப்பாத்துக்குப் பக்கத்தில், நாய்க்குட்டி போல் நின்றது. அவர் கைபேசியை எடுத்து யாரோடோ நெல் வெட்டும் இயந்திரத்தைப் பற்றிக் கதைத்தார். மறுமுனையில் யாரும் இல்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் கால் போய்விட்டது.

கழகங்கள் ஆள் எடுக்கும் நாளில் பரந்தன் சஜீவனை எடுத்தது. நான்கு கழகங்கள் நான்கு முழு ஆட்களை எடுத்தன. முதல் சுற்றின் கடைசி முறை கனகராயன்குளத்துக்கு. அதை நடத்தும் விமலேஸ்வரி எழுந்து, “எங்களுக்கு அந்தக் கால்” என்றார்.

தயாபரன் விமலேஸ்வரியின் வாகனம்வரை ஓடினார். செயற்கைக் கால் பின்னால் இழுபட்டது.

“அக்கா, அது என்ர கால்.”

“தெரியும் தம்பி. ஊருக்கே தெரியும். ஆனால் நீங்கள் ஒருக்காலும் திரும்பிப் பாக்கேல்லை. வேண்டாமாக்கும் எண்டு நினைச்சன். அங்கால தனிய நிண்டுது, பாவமாக் கிடந்துது.”

“சஜீவனைத் தாறன். இன்னும் ரெண்டு பேரைத் தாறன்.”

“என்னட்டக் கேக்கிறியள்? அதிட்டக் கேளுங்கோ.”

அவர் கேட்டார். வாகனத்தின் பின்னிருக்கையில் இருந்த கால் கொஞ்சம் யோசித்தது போலிருந்தது. பிறகு பெருவிரலைத் தெற்கே, கனகராயன்குளத்துப் பக்கம் திருப்பிக்கொண்டது. விமலேஸ்வரியின் ஒரே மகன் அதே கரையில் காணாமற்போனவன். பதினாறு ஆண்டுகளாக அவர் அலுவலகங்களிலும் வீதியோரப் போராட்டப் பந்தல்களிலும் இருந்து பார்த்தும் அவனுடையதாக ஒரு நகம்கூடத் திரும்பி வரவில்லை. தயாபரன் வாகனத்தின் கதவைச் சாத்திவிட்டார்.

பருவம் தொடங்கியது. பரந்தனில் சோறு சாப்பிடும்போது தயாபரனுக்கு இல்லாத பாதத்தில் ஈரப்புல் பட்டது. செவ்வாய்க்கிழமைகளில் குதிகாலில் பந்து இடித்தது. சில மாலைகளில் யாரோ விரல் விரலாக நல்லெண்ணெய் தேய்த்தார்கள். ஜெயரூபி என்னவென்று கேட்டால், “அங்க முழுக்காட்டுகினம்” என்பார். சஜீவன் மிக நன்றாக விளையாடினான். கணக்குப்படி தெரிவில் பிழை எதுவும் இல்லை.

பருவத்தின் கடைசி ஆட்டத்துக்குக் கனகராயன்குளம் பரந்தனுக்கு வந்தது. சமநிலையில் முடிந்தாலே பரந்தன் இறுதிப்போட்டிக்குப் போகும். இடைவேளைவரை கோல் இல்லை. வலப்பக்கத் தடுப்பாளன் விதுசன் மூச்சு வாங்கிக்கொண்டு தயாபரனிடம் வந்தான்.

“அண்ணை, அது உள்ளுக்கு வெட்டுமோ, வெளியால போகுமோ? உங்களுக்குத்தானே தெரியும்.”

அவருக்குத் தெரியும். பள்ளிக்கூட நாட்களில் அந்தக் கால் ஒருமுறைகூட வெளியால் போனதில்லை.

“வெளியால போகும். கோட்டோரத்தை விடாதை,” என்றார்.

ஆட்டம் முடியும் தறுவாயில் கால் வந்தது. விதுசன் கோட்டோரத்தைக் காத்து நின்றான். அது உள்ளே வெட்டி அடித்த பந்து சஜீவனின் விரல்களைத் தாண்டி மேல்மூலையில் விழுந்தது. தயாபரன் அந்த உதையின் கனத்தைத் தன் உடம்பில் வாங்கிக் கதிரையைப் பிடித்துக்கொண்டார்.

“உள்ளுக்கெல்லோ வெட்டிச்சு?” என்றான் நிருஷன்.

“ஓம். வெட்டிச்சு.”

இப்போது வன்னியில் யாருமே அந்தக் காலைப் பற்றி அதிசயமாகக் கதைப்பதில்லை. இடப்பக்கத்தால் வரும், உள்ளே வெட்டும், மழை நாளில் இன்னும் வேகம் என்பது எல்லாருக்கும் தெரியும். மற்றக் கழகங்கள் அதற்கெதிராக இரண்டு தடுப்பாளர்களை நிறுத்துகின்றன. பரந்தன் ஒருவரையே நிறுத்துகிறது.