நாளைக்கு வாங்க

...இதுவும் சட்டையின் இடது கையேதானா, கண் ஏமாற்றுகிறதோ என்னவோ, இன்னொரு தடவை பார்த்துவிடலாம் என்று வெட்டிய துண்டுகள் இரண்டையும் சாக்பீஸ் கோடு மேலே தெரிகிற மாதிரி ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தாள், அச்சு மாறாமல் உட்கார்ந்தது. உட்காரவே கூடாது. சட்டைக்கு ஒரு கை இந்தப் பக்கம் வளைந்தால் மற்ற கை அந்தப் பக்கம் வளைய வேண்டும், பத்தொன்பது வருஷமாக இதே கடையில் காஜா எடுத்துப் பட்டன் தைத்தவளுக்கு இது தெரியாதா... வீட்டுக்காரர் துணியை இரண்டாக மடிப்பார், ஒரே வெட்டு, ஜோடிக் கை தானாக வந்துவிடும். இவளுக்கு இரண்டு மடிப்பைச் சேர்த்து வெட்டப் பயம். தப்பினாலும் ஒன்றுதானே தப்பும் என்று தனித்தனியாக வெட்டினாள், பயந்தவளுக்குப் பயந்த மாதிரியே வந்து சேர்ந்தது. காலருக்கு ஒதுக்கியது போக மிச்சத் துணி ஒரு கைக்குட்டைக்குக்கூடக் காணாது.

மணி மூன்றரை. நாலு மணிக்குத் தரகர் வருவார், விலை பேசிய தையல் மெஷினை ஏற்றிக்கொண்டு போக. வாசலோரம், வெட்டு மேசையை ஒட்டி, நாற்காலியில் அவர் உட்கார்ந்திருக்கிறார், வலது கை மடியில் யாரோ வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரிக் கிடக்கிறது, தெருவில் போகிறவர் வருகிறவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எட்டு மாதம் ஆயிற்று. பக்கவாதம் வலது கையையும் காலையும் எடுத்துக்கொண்டது, பேச்சையும் எடுத்துக்கொண்டது, போகிற போக்கில் ஒரே ஒரு சொல்லை மட்டும் விட்டுவிட்டுப் போனது. நாளைக்கு. தண்ணீர் வேண்டுமா என்றால் நாளைக்கு, கால் வலிக்கிறதா என்றால் நாளைக்கு, பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் பூனைப் படத்தைக் காட்டினால் அதற்கும் நாளைக்கு. ஊரெல்லாம் இவரை 'நாளைக்கு டெய்லர்' என்றுதான் கூப்பிடும், யார் வந்து கேட்டாலும் நாளைக்கு வாங்க என்பார், வந்தவர்கள் பத்து நாளைக்கு நடப்பார்கள். வேறு எந்தச் சொல்லுமா மிஞ்சவில்லை... இவளைக் கூப்பிடுகிற சொல்கூட மிஞ்சவில்லையே. "அத வெறும் சத்தம்னு வச்சுக்குங்கம்மா, அர்த்தம் தேடாதீங்க," என்றாள் அந்தப் பெண். அர்த்தம் தேடாமல் ஒரு வீட்டில் எப்படி இருப்பது?

அந்தக் காலத்தில் எவ்வளவு திட்டியிருப்பாள். அவர் நாளைக்கு என்று சொல்லும்போது கண் துணியில்தான் இருக்கும், கத்தரி நிற்காது, தலை நிமிராது. வந்தவர் போனதும் இவள் பட்டனைத் தைத்துக்கொண்டே கேட்பாள், ஒரு தடவையாவது முகத்தப் பாத்துப் பொய் சொல்லுங்களேன் என்று. "முகத்தப் பாத்தா வராது," என்பார், சிரிப்பார். அந்தச் சிரிப்பில் பாதிதான் இப்போது வருகிறது, இடது பக்கம் மட்டும்.

கொழுந்தனார் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அவர் கெட்டவரில்லை. "எத்தனை நாளைக்கு அண்ணி இப்படியே இழுத்துக்கிட்டு இருப்பீங்க, மெஷினக் குடுத்துட்டு எங்க வீட்டுப் பின்னறைல வந்து இருங்க," என்றார் போன வாரம், அதற்கு நாற்காலியிலிருந்து இவர் நாளைக்கு என்றார், கொழுந்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பின்னறைக்கு ஜன்னல் உண்டு, ஜன்னலுக்கு எதிரே அடுத்த வீட்டுச் சுவர். இவள் தையல் ஆலைக்கு வேலைக்குப் போய்விட்டால் காலையிலிருந்து சாயங்காலம் வரை அவர் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். அதனால்தான் யாரிடமும் சொல்லாமல் தனக்குள் ஒரு பந்தயம் கட்டினாள், வாத்தியார் சட்டையைத் தானே வெட்டித் தைத்துவிட்டால் மெஷினைக் கொடுப்பதில்லை, கெடுத்துவிட்டால் கொடுத்துவிடுவது. இந்த எட்டு மாதத்தில் துணியைத் திருப்பிக் கேட்காதவர் அந்த வாத்தியார் ஒருவர்தான், ஓய்வு பெறுகிற அன்றைக்குப் போட வேண்டுமாம், "மெதுவாத் தைங்க, நான் எங்க போயிடப் போறேன்," என்றார். அவர் துணியில்தானா கை வைத்தாய்... தைரியமாவது மண்ணாவது, உனக்கு எதற்கு இந்த வேலை? பந்தயம் முடிந்தது, மெஷினைத் துடைத்து வைக்க வேண்டியதுதான்.

துடைக்கிற துணியை எடுக்கத் திரும்பினாள், மேசையில் ஏதோ உரசுகிற சத்தம். அவர்தான். நாற்காலியிலிருந்து சரிந்து இடது கையை நீட்டி மேலே இருந்த துண்டின் ஓரத்தைப் பிடித்து இழுக்கிறார், விழுந்துவிடப் போகிறார் என்று ஓடித் தோளைப் பிடித்தாள், அவர் விடவில்லை, பிடித்த துண்டை மெதுவாக, தோசை புரட்டுகிறவர் பதற்றமில்லாமல் புரட்டுகிற மாதிரி, அப்படியே புரட்டிப் போட்டார். சாக்பீஸ் கோடு கீழே போய்விட்டது. வளைவு அந்தப் பக்கம் வந்துவிட்டது. வலது கை. ஐயோ, இது வெள்ளைத் துணி, இரண்டு பக்கமும் ஒன்றுதான், மேல் பக்கம் கீழ்ப் பக்கம் என்று இதற்குக் கிடையவே கிடையாதே, கோட்டைப் பார்த்தவள் துணியைப் பார்க்கவில்லையே... அவர் நிமிர்ந்து இவள் முகத்தைப் பார்த்தார். "நாளைக்கு," என்றார். இவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஆனால் கை வந்தால் சட்டை வந்துவிடுமா, இன்னும் காலர் இருக்கிறது, காலரில்தானே தையல்காரரின் குட்டு உடையும், அதுவும் போய்விட்டால் இவர் எதைப் புரட்டிப் போடுவார்? பந்தயத்தில் இது ஜெயித்ததில் சேருமா, தோற்றதில் சேருமா? வாசலில் வண்டி வந்து நின்றது. தரகர் செருப்பைக் கழற்றாமல் எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, ஏத்திறலாமா? ஆள் கூட்டிட்டு வந்திருக்கேன்."

"நாளைக்கு வாங்க."

யார் சொன்னது என்று ஒரு நிமிஷம் இவளுக்கே தெரியவில்லை. தரகர் நாற்காலியைப் பார்த்தார், பிறகு இவளைப் பார்த்தார். "நாளைக்குன்னா நாளைக்குத்தானே?" என்றார். இவள் வாய் திறப்பதற்குள் நாற்காலியிலிருந்து பதில் வந்துவிட்டது, அதே சொல். தரகர் தலையை ஆட்டிக்கொண்டு போனார், வண்டி கிளம்பிய புகை கடைக்குள் வந்து சுற்றிவிட்டு அடங்கியது.

சட்டைக் கை இரண்டையும் எதிரெதிராக வைத்துக் குண்டூசி குத்தினாள். எட்டு மாதமாக அவர் இவள் முகத்தைப் பார்த்துத்தான் அந்தச் சொல்லைச் சொல்கிறார்... முகத்தைப் பார்த்தால் வராது என்றவர். அப்படியானால் இது பொய்யில்லையா? இல்லை, பார்க்கிறதற்கும் சொல்கிறதற்கும் சம்பந்தமே இல்லாமல் போய்விட்டதா, அந்தப் பெண் சொன்ன மாதிரி வெறும் சத்தமா? அது இருக்கட்டும், சற்றுமுன் தரகரிடம் சொன்னபோது நான் எங்கே பார்த்துக்கொண்டிருந்தேன், தரகர் முகத்தையா, துணியையா... எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. காலர் துணியை எடுத்து இரண்டாக மடித்தாள், இரண்டு மடிப்பையும் சேர்த்துக் கத்தரியை வைத்தாள்.