வீட்டுக்குப் பக்கத்தில் நின்றுபோன வண்டி

1

இந்தக் கதை என் மனதில் பிறக்கவில்லை, என் மச்சினன் வாயில் பிறந்தது. நடுவழியில் பைக் நின்றுபோனால் ஆள் அனுப்பி உதவும் நிறுவனம் ஒன்றில் அவனுக்கு விளம்பரப் பிரிவில் வேலை. வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் பத்திரிகையில் ஒரு பக்கம் காலியாகிவிட்டதாம்.

"ஒரு சின்னக் கதை மாமா. பைக் நிக்கணும், ஆள் தவிக்கணும், எங்க வண்டி வரணும். கடைசியில கண்ணு கலங்கினா போதும்."

"யார் கண்ணு?"

"கஸ்டமர் கண்ணுதான். எங்க டிரைவர் கண்ணு கலங்கினா வேற அர்த்தம் ஆயிடும்."

கதையைப் பற்றி இவ்வளவு தெளிவாக யோசிக்கிற ஒருவரை எந்த எழுத்தாளர் கூட்டத்திலும் நான் பார்த்ததில்லை. முடியாது என்று சொல்லியிருப்பேன். ஆனால் அவனுடைய அக்கா பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவள் காதுபட அவள் தம்பிக்கு முடியாது என்று சொல்லும் அளவுக்கு நான் இன்னும் வளரவில்லை.

2

முதல் தொடக்கம்:

[மழை சோவென்று கொட்டிக்கொண்டிருந்தது. ஆள் நடமாட்டமில்லாத சாலையில் அவன் தன்னந்தனியாக]

போதும். வண்டி நின்றால் மழை வந்தாக வேண்டும் என்று யார் சட்டம் போட்டது? வண்டிகள் நல்ல வெயிலில், நாலு பேர் பார்க்கிற இடத்தில்தான் நிற்கும். அந்த நாலு பேரும் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள்.*

* "பெட்ரோல் இருக்கா பாத்தீங்களா?" என்பதுதான் எப்போதும் முதல் யோசனை. கேட்டவர் ஏதோ புதிதாகக் கண்டுபிடித்துவிட்ட முகத்தோடு இடுப்பில் கைவைத்து நிற்பார். இவரைக் கதையில் சேர்க்கவில்லை. தெருவில் பட்டது போதும்.

இரண்டாவது தொடக்கம்:

[நிறைமாத மனைவியைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு]

மச்சினனுக்கு இது ரொம்பப் பிடிக்கும். அதற்காகவே அடித்துவிட்டேன்.

3

ஆளை மாற்றினேன். இவர் லிஃப்ட் மெக்கானிக். இரண்டு மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டவர்களோடு வெளியிலிருந்து பேசிக்கொண்டே கதவைத் திறப்பவர். "பயப்படாதீங்க, காத்து வரும். கதவை மட்டும் தள்ளாதீங்க" என்று தினமும் யாருக்காவது தைரியம் சொல்பவர். அடுத்தவரை மீட்பவரே வீதியில் நிற்கிறார் என்பது மலிவான முரண்தான். தெரிந்தேதான் வைத்தேன். நீங்கள் இதற்கெல்லாம் மயங்குவீர்கள்.

தவிர, இந்தத் தொழிலில் இவர் ஒன்றும் தியாகி இல்லை. பராமரிப்பு ஒப்பந்தம் இல்லாத கட்டடத்துக்கு இவர் போகமாட்டார். "உங்க ஒப்பந்தத்துல ஞாயித்துக்கிழமை வராதுங்க" என்று மூடிய கதவுக்கு இந்தப் பக்கம் நின்று சொன்னவர்தான். உதவித் திட்டம் என்பதன் லட்சணமே அதுதானே. வண்டியோ லிஃப்ட்டோ நிற்காதவரை தண்டச் செலவு என்று திட்டுவோம். நின்றபிறகு, எதெதெல்லாம் திட்டத்தில் வராது என்று அவர்கள் நமக்குப் பாடம் எடுப்பார்கள்.

இவருடைய குடும்பக் கதை இது. இவரும் மனைவியும் பிரிந்துவிட்டார்கள். மனைவியும் மகளும் பழைய வீட்டில் இருக்கிறார்கள். இவர் கம்பெனி ஸ்டோருக்கு மேலே, கம்பிக்கயிற்றுச் சுருள்களுக்கு நடுவே கட்டில் போட்டுக்கொண்டு இருக்கிறார். மகளிடம் அப்பாவுக்குத் தூரத்தில் வேலை என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். "பரீட்சை முடியட்டும், சொல்லிக்கலாம்" என்று பேச்சு. பரீட்சைகள் வந்து வந்து போகின்றன. இரண்டு பெரியவர்கள், முதுகெலும்பு ஒருவருக்கும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்து மகளை வண்டியில் வெளியே கூட்டிக்கொண்டு போவார். அவள் கண்ணில் மட்டும் அவர் இன்னும் அந்த வீட்டுக்காரர். அவருக்கு மிச்சமிருப்பது அது ஒன்றுதான். அதை இழந்துவிடக் கூடாது என்றுதான் வாரம் முழுக்கப் பயந்துகொண்டிருக்கிறார்.

வண்டிக்கான உதவித் திட்டத்தில் முகவரி பழைய வீட்டு முகவரியாகவே இருக்கிறது. மாற்றச் சோம்பலா, நப்பாசையா என்று நீங்கள் கேட்கலாம். அவரிடம் கேட்டால் நேரமில்லை என்பார்.

4

ஞாயிறு காலை. மகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். தெருமுனை திரும்பி இரும்புக்கடையைத் தாண்டியதும் வண்டி விக்கி விக்கி நின்றது. செல்ஃப் போட்டார். கிக்கரை உதைத்தார். பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டி, மறுபடி உதைத்தார்.

மகள் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்துகொண்டாள். "நீங்கதான் மெக்கானிக்காச்சேப்பா?"

"அது லிஃப்ட்டுடா கண்ணு."

"அது மேல போகும், இது முன்னாடி போகும். அவ்ளோதானே?"

உதவி எண்ணைக் கூப்பிட்டார். கையெல்லாம் கரி. அதனால் போனை ஸ்பீக்கரில் போட்டு சீட்டின் மேல் வைத்தார்.

"வணக்கம் சார். முதல்ல, நீங்க பாதுகாப்பான இடத்துல இருக்கீங்களா?"

"இருக்கேன்மா. வண்டிதான் ஸ்டார்ட் ஆகல."

"ஒரு நிமிஷம் சார்..." தட்டச்சுச் சத்தம். "சார், வண்டி உங்க வீட்டுப் பக்கத்துலதான் நிக்குதுன்னு காட்டுதே."

"ஆமா, பக்கம்தான்."

"அப்போ அனுப்ப முடியாது சார். பதிவான முகவரிக்குப் பக்கத்துல நின்னா இந்தத் திட்டத்துல வராது. வீட்டுக்கே வந்து பாக்கறதுக்குத் தனித் திட்டம் இருக்கு, சேர்ந்துக்கறீங்களா?"*

* இதென்ன கூத்து என்று மச்சினனிடம் கேட்டேன். "வீட்டுப் பக்கத்துல நின்னா வீட்டுக்குத் தள்ளிட்டுப் போயிடலாமே மாமா" என்றான். வீடு என்று ஒன்று எல்லோருக்கும் இருந்தே தீரும் என்பது அந்த நிறுவனத்தின் நம்பிக்கை.

ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். 'அது இப்போ என் வீடு இல்லை.' சொன்னால் உதவி வண்டி வந்துவிடும். ஆனால் மகள் கைநீட்டினால் எட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்கிறாள். எனவே மனிதர் வேறு எல்லாவற்றையும் சொன்னார்.

"பக்கம்னா ரொம்பப் பக்கம் இல்லம்மா. சுத்திப் போனா தூரம்தான்."

"சார்..."

"நடுவுல மேடு வேற. தள்ள முடியாது."

"சார், அது உங்க வீடுதானே?"

மகளைத் திரும்பிப் பார்த்தார்.

5

இந்த இடத்தில் எனக்கு எழுத்து நின்றது. என்னிடம் இருந்த முடிவுகள் இவை.

மச்சினனுக்காக: [தூரத்தில் மஞ்சள் விளக்கு சுழன்றது. அவர் கண்கள் கலங்]

பரிசுக் குழுவுக்காக: அவர் உண்மையைச் சொல்கிறார். மகள் எதுவும் பேசவில்லை. இரும்புக்கடைத் தராசில் ஒரு காக்கை வந்து உட்கார்கிறது. இப்படி ஒரு காக்கையை உட்காரவைத்துவிட்டால் பெரிய எழுத்து என்பார்கள். காக்கைக்குத் தெரியும் அது ஏன் உட்கார்ந்தது என்று.

அவருக்காக: "ஆமாம்மா, என் வீடுதான்" என்று போனை வைத்துவிட்டு, 'இனி வாசலோடு நின்றுகொள்' என்று மனைவி சொன்ன அதே வீட்டை நோக்கி வண்டியைத் தள்ளுகிறார். இவர் அப்படிச் செய்யக்கூடிய ஆள்தான். பாதி எழுதியும்விட்டேன். மேட்டில் அவர் மூச்சு வாங்கியபோது, இந்தப் பொய்யை இன்னும் எத்தனை ஞாயிறு தள்ளிக்கொண்டு போவார் என்று எனக்கே எரிச்சல் வந்தது.

நாலாவதாக ஒன்று எழுதினேன். மகள் எழுந்து வந்து போனை நோக்கிக் குனிகிறாள்.

"அது அம்மா வீடு ஆன்ட்டி. அப்பா ஞாயித்துக்கிழமை மட்டும்தான் வருவாரு. நீங்க வண்டிய அனுப்புங்க."

சொல்லிவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் மறுபடி போய் உட்கார்ந்துகொள்கிறாள்.

பாத்திரங்கள் தாமாகவே பேசின என்று பேட்டி கொடுக்கும் எழுத்தாளர்களை நான் ஒருநாளும் நம்பியதில்லை. அவளைப் பேசவைத்தது நான்தான். எழுதிவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். அந்த மனிதரை நினைக்கவே பாவமாக இருந்தது. அவளுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. இத்தனை நாளும் பெரியவர்களின் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது அந்தச் சின்னப்பெண்தான்.

6

மச்சினன் படித்தான். "நல்லாதான் இருக்கு மாமா. ஆனா எங்க வண்டி இன்னும் வரலையே?"

வரும். போனில் பேசிய பெண் அனுப்பத் தயாராகத்தான் இருக்கிறாள். முகவரியை மாற்றிக்கொள்வதாகச் சொல்லிவிட்டாள். இரக்கமா, பேச்சை முடித்தால் போதும் என்ற அவசரமா, தெரியாது. அவளுக்கு இன்னும் ஒரே ஒரு தகவல்தான் வேண்டும்.

"சரிங்க சார், அப்போ வண்டிய எங்க கொண்டுவந்து இறக்கணும்? இப்போ இருக்கற வீட்டு அட்ரஸ் சொல்லுங்க."

மகள் நிமிர்ந்து பார்க்கிறாள். அப்பா எங்கே தூங்குகிறார், எங்கே சாப்பிடுகிறார் என்று யாரும் அவளுக்குச் சொன்னதில்லை.

இதற்குமேல் நான் எழுதப்போவதில்லை. மச்சினன் அந்தப் பக்கத்தில் குறுக்கெழுத்துப் போட்டி போட்டுக்கொள்ளட்டும். நீங்களும் நைசாகப் பக்கத்தைப் புரட்டிக்கொண்டு நழுவப் பார்க்காதீர்கள். இவ்வளவு நேரம் அந்த ஆளைப் பார்த்து என்னோடு சேர்ந்து சிரித்தீர்கள் அல்லவா? இப்போது அவர் இடத்தில் நின்று நீங்களே சொல்லுங்கள். ஸ்டோருக்கு மேலே, கட்டில் ஒன்று, கயிற்றுச் சுருள் நாலைந்து என்று உள்ளதைச் சொல்வீர்களோ, இன்னொரு பொய் கட்டுவீர்களோ, அது உங்கள் பாடு. ஆனால் சத்தமாகச் சொல்லுங்கள். போனில் இருக்கிற பெண்ணுக்கு அது வெறும் முகவரி. பக்கத்தில் இருக்கிற பெண், வாய்விட்டுக் கேட்காமல் அதற்காகத்தான் காத்திருக்கிறாள்.