ஒட்டாத ஜோடி

எந்தப் புரதம் எதோடு, எந்த இடத்தில் ஒட்டும் என்று முப்பரிமாணப் படத்தோடு காட்டும் இணையதளம் அது. உலகமே அதைத்தான் நம்புகிறது. நான் ஆராயும் புரதம் எப்போதும் இரண்டிரண்டாகச் சேர்ந்து ஜோடியாகத்தான் நிற்குமாம். அந்த ஜோடியைப் பிரிக்க மருந்து தேடுவதுதான் என் ஆய்வு. பிரிப்பதற்கு முதலில் அது சேர வேண்டுமே! புரதங்களை அளவுவாரியாகப் பிரித்தனுப்பும் குழாயில் ஊற்றினால், பாழாய்ப் போனது ஒவ்வொரு முறையும் தனியாளாகத்தான் வெளியே வருகிறது.

"குழாயக் கழுவிட்டுத் திரும்ப ஓட்டு," என்பார் என் வழிகாட்டியான சார். "டேட்டாபேஸ்லயே இருக்கு. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால். ஆய்வு முடிந்தது என்று அவர் கையெழுத்துப் போட்டால்தான் நான் வீடு போய்ச் சேர முடியும். கணவருக்கு வேறு ஊரில் வேலை, மகளும் அங்கேதான். போனை எடுத்தாலே அவள் கேட்பது ஒன்றுதான்: "அம்மா, ஒட்டிக்கிச்சா?"

நேற்றுக் காலை பேருந்தில் மூச்சுவிட இடமில்லை. முன்பின் தெரியாத ஒருவர் என் தோளில் இடித்தபடி நின்றார். கண்டக்டர் எங்கள் இருவரையும் பார்த்து, "ரெண்டு பேருக்கும் சேத்தாம்மா டிக்கெட்?" என்றார். சுருக்கென்று கோபம் வந்தது. வாயைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

புரதத்தைப் படமெடுக்க அதைப் படிகமாக்குவார்கள். படிகத்துக்குள்ளும் இதே நெரிசல்தான்; பக்கத்தில் இருப்பதெல்லாம் உரசும். உரசியதையெல்லாம் உறவென்று பதிந்து வைத்தால்?

ஆய்வகத்துக்கு ஓடிப்போய், தளத்தில் என் புரதத்தின் பக்கத்தைத் திறந்தேன். படத்தில் இரண்டும் தொடும் இடம் மிகச் சிறியது; நிஜ ஜோடி என்றால் இன்னும் அகலமாக ஒட்டியிருக்கும். தளத்துக்காரர்களே முதலில் 'சந்தேகம்' என்று குறித்திருந்தார்கள். பிறகு ஒரு கட்டுரையைக் காரணம் காட்டி அந்தக் குறிப்பை எடுத்துவிட்டார்கள். கட்டுரை சாருடையது. அதில் அவர் காட்டியிருந்த ஒரே ஆதாரம் அந்தத் தளம்!

ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. அந்தப் பக்கத்தையும் கட்டுரையையும் அச்செடுத்துக் கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தேன்.

"சார், நீங்க அவங்களக் காட்டுறீங்க, அவங்க உங்களக் காட்டுறாங்க. சோதிச்சுப் பாத்தது யாரு?"

சார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். அவர் முகம் மலர்ந்தது.

"பாத்தியா? ரெண்டு எடத்துல ஆதாரம் இருக்கு. இன்னும் என்ன சந்தேகம்? போ, குழாயக் கழுவு."

சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கழுவினேன். புரதம் வழக்கம்போல் தனியாக வந்தது. போனும் அடித்தது.

"அம்மா, ஒட்டிக்கிச்சா?"

"அது ஒட்டவே ஒட்டாதுடா கண்ணு."



"அப்ப நீ வரவே மாட்டியா?"