எழுபதாவது பெண்

எழுபது ஆண்டுகளாக ஒரே சிம்மாசனத்தில் அமர்ந்து ஆளும் இங்கிலாந்து மகாராணிக்கு உலகமே எழுந்து நின்று தலைவணங்குகிறது என்று ஒரு பிளாஸ்டிக் பெனர் அறிவித்தது. றொசல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் அதைக் கட்டக் கயிறு கிடைக்கவில்லை. அழகுமுத்து கங்காணி தன் ஆட்டை அவிழ்த்துவிட்டு, அந்தக் கயிற்றால் பெனரை, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் கட்டினார். ஆடு தோட்ட மேனேஜர் தொரையின் பங்களாப் பூந்தோட்டத்துக்குள் போய்விட்டது.

இரண்டாயிரத்து இருபத்திரண்டு ஜூன். கடையில் மாவு இல்லை, பஸ்ஸுக்கு டீசல் இல்லை. ஆனால் லண்டனில் தேயிலை வாங்கும் கம்பெனிக்கு ஓர் ஆசை வந்திருந்தது. எழுபது ஆண்டுக்கு எழுபது கொழுந்துக்காரிகள், ஒரே படத்தில்.

"ஒரு ஆள் குறையக் கூடாது, அழகுமுத்து," என்றார் தொரை. "படம் நல்லா வந்தா ஒங்க லயத்துக்குக் கூரைத் தகரம். நான் பொறுப்பு."

தகரம் என்றதும் அழகுமுத்துவுக்கு வேறெதுவும் காதில் விழவில்லை. வைகாசிக் காற்று, லய வரிசையில் அவர் வீடான காம்பராவின் கூரையைப் பாதி கழற்றிக்கொண்டு போயிருந்தது. மகள் தனுஷிகா தலைப்பிரசவத்துக்கு அடுத்த மாதம் வருகிறாள். வீட்டில் நனையாத மூலை ஒன்றுதான். அதில் சாமிப்படங்கள் இருந்தன.

படம் எடுக்கும் காலை பெண்கள் பெனரைச் சுற்றி நின்றார்கள். அழகுமுத்து வாசித்துக் காட்டினார்.

"எழுபது வருசம் ஒரே வேலையா? எல்லா நாளும் முழுச் சம்பளத்துக்கு முழுப்பேரா போட்டாங்க? மழ நாள்ல அரைப்பேரு விழலயா?" என்றாள் அவர் மனைவி ஜீவராணி.

"முப்பதுக்கு மேல நாய் வளத்தாங்களாம்," என்றார் அழகுமுத்து.

"அதுங்க படுக்கிற எடம் ஒழுகியிருக்காது."

சிரிப்பு அடங்கியதும் எண்ணினார். செக்ரோல் பதிவில் இருந்த பெண்கள் போதாமல், பென்சன் எடுத்தவர்களையும் குழந்தைகளைப் பார்க்கும் பிள்ளைக்காம்பரா ஆயாவையும் சேலை கட்ட வைத்திருந்தார். சரியாக எழுபது வந்திருக்க வேண்டும். ஆனால் லோஜினி விடியுமுன்னே மண்ணெண்ணெய் வரிசைக்கு ஹட்டன் போய்விட்டாள். அறுபத்தொன்பது.

தொரையின் ஜீப் கீழ் வளைவில் உறுமியது. அழகுமுத்து வீட்டுக்கு ஓடினார்.

காமன் கூத்தில் பதினெட்டு வருசம் ரதி வேஷம் கட்டியவர் அவர். சேலை கட்ட யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மீசையைத்தான் எடுக்கத் தயங்கினார். ஒழுகும் கூரையை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார், எடுத்துவிட்டார். ஜீவராணியின் நல்ல சேலையை இடுப்பில் ஊசி குத்தி நிறுத்தி, தலையில் கூடைக்கயிற்றை மாட்டி, பின்பக்கமாக வந்து இரண்டாவது வரிசையில் நுழைந்தார்.

"கங்காணி எங்க?" என்றார் தொரை.

"மண்ணெண்ணெ வரிசைக்குப் போயிட்டாருங்க," என்றாள் ஜீவராணி, முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல்.

பனி இறங்கிக்கொண்டிருந்தது. தொரை முகங்களைப் பார்க்கவில்லை, தலைகளை எண்ணினார். எழுபது. படம் லண்டன் போனது.

மறுநாள் தொரை அழகுமுத்துவின் மழித்த மேலுதட்டைப் பார்த்து, "மீசை எங்க?" என்று கேட்டார். "சாமிக்கு நேர்த்திங்க தொரை," என்றார் அழகுமுத்து.

பத்து நாள் கழித்து தொரை ஆபீசுக்குக் கூப்பிட்டார். முகமெல்லாம் பூரிப்பு.

"லண்டன்ல ஒரு மொகத்த ரொம்பப் புடிச்சிருக்கு. தேயிலைப் பெட்டியில போடப் போறாங்க. கண்ணுல எழுபது வருசச் சோகம் தெரியுதாம்."

படத்தை நீட்டினார். அதில் இருந்தது அழகுமுத்துவேதான், இடுப்பில் சேலை ஊசி அவரைக் குத்திக்கொண்டிருந்த நேரத்தில்.

"இந்தப் பொம்பளை வீட்டுக்கு முழுக்கூரையும் போட்டுத் தர்றாங்க. வீடியோல பேசணுமாம். யாரு இது?"

"லயத்துக்குன்னு சொன்னீங்களே தொரை?"

"லயம் முழுக்க யாரு குடுப்பா? ஒரு வீட்டுக்குத்தான். யாரு, சொல்லு."

கூரை கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. நான்தான் என்றால் கங்காணி வேலை போகும், எழுபது என்ற கணக்கும் நாறும். ஜீவராணி என்று சொல்லலாம் என்றால், அவள் முன்வரிசை ஓரத்தில் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். நாக்கு அவரைக் கேட்காமல் புரண்டது.

"செத்துட்டாங்க தொரை."

"ஐயோ! எப்ப?"

"போன வாரங்க."

"பேரு?"

"ரதி."

தொரை தொப்பியைக் கழற்றினார்.

வீட்டில் ஜீவராணி சொட்டுச் சொட்டாக விழும் தண்ணீருக்கு அடியில் பேசின் சட்டியைத் தள்ளி வைத்தபடி எல்லாவற்றையும் கேட்டாள். "வந்த தகரத்த வேணாமுன்னு செத்துப் போன ஒரே பொம்பள நீங்கதான்," என்றாள். அதற்கு மேல் திட்ட அவளுக்கும் தெம்பில்லை.

லண்டனிலிருந்து அனுதாபம் வந்தது. மறுநாள் பெரட்டில், பெனருக்கு முன்னால், ரதிக்காக ஒரு நிமிட மௌனம். பெண்கள் முந்தானையைக் கடித்துக்கொண்டு குனிந்து நின்றார்கள். துக்கம் தாளவில்லை போலும் என்று தொரை நினைத்தார். பங்களாத் தோட்டத்துப் பூவில் ஆடு விட்டுவைத்ததைக் கட்டி ஒரு வளையம் செய்யச் சொல்லியிருந்தார். "கல்லறையில வச்சிடு," என்று அழகுமுத்து கையில் கொடுத்தார். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

தனுஷிகா சனிக்கிழமை வந்தாள், கூடவே மழையும். அழகுமுத்து யாரையும் கேட்காமல் பெனரை அவிழ்த்து வந்து, ஆட்டுக்கயிற்றாலேயே அவள் கட்டிலுக்கு மேலே கட்டினார்.

பெனர் ஓரடி குட்டை.