காய்த்த கை

முதலில் வெந்நீர், கை பொறுக்கும் சூட்டில். ஊறிய பிறகு கல், குதிகால் தேய்க்க என் மனைவி வாங்கி வைத்தது. விரலடியில் காய்த்திருக்கும் மேட்டை மட்டும் வட்டமாகத் தேய்ப்பது, துடைப்பது, ஈரம் போவதற்குள் வாசலின். தினமும் இதுதான், பல் விளக்குவது போல... முழுதாக வழித்துவிடக் கூடாது, வழித்தால் ரம்பம் பிடித்த கொஞ்ச நேரத்தில் கொப்புளம், அது உடைந்தால் வேலை கெட்டது. பட்டறை முதலாளி என் கையைத் திருப்பிப் பார்த்துச் சிரித்தார், "கணக்குல டிகிரி வாங்கிட்டு இரும்புக் கதவு அறுக்க வந்தே, சரி, கை மட்டும் எதுக்குய்யா புது மாப்பிள்ள கை மாதிரி?" சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார், அவசரமாக இரண்டு டீ சொன்னார், இரண்டையும் நானே குடித்தேன். சிரித்திருக்கலாம், அவருக்காகவாவது... பாப்பாவுக்காக என்று எப்படிச் சொல்வது? அவள் அம்மா போனதிலிருந்து நான் குளிப்பாட்டத் தொட்டாலே சுருங்குகிறாள், "உன் கை முள்ளுப்பா", மூன்று வயது, பொய் சொல்லத் தெரியாது. அதனால் புறங்கையால் சோப்பு, புறங்கையால் பவுடர், கொதிக்கிற பாத்திரத்தைத் தொடுகிறவன் மாதிரி. இப்படியும் ஒரு அப்பனா?

மைத்துனி கூடத்தில் நிற்கிறாள், பாப்பாவின் துணிகளைப் பையில் அடுக்கி முடித்துவிட்டாள். "கோச்சுக்காதீங்க மாமா, உங்ககிட்ட ஒட்ட மாட்டேங்கறா. பள்ளிக்கூடம் சேர்க்கற வரைக்கும் எங்கிட்ட இருக்கட்டுமே." கோபமா, எனக்கா, அவள் சொல்வது சரிதானே... சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், பாப்பாவுக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்த கை தவறி, உள்ளங்கை முழுதும் முதுகில் பதிந்துவிட்டது, வேர்க்குருவின் மேல். சட்டென்று எடுத்தேன். பாப்பா பின்னாலேயே நகர்ந்து வந்து முதுகைக் கையில் உரசினாள், பூனை சுவரில் உரசுவது போல. "எடுக்காதப்பா, அரிக்குது. நல்லாத் தேய்." தேய்த்தேன். இவ்வளவு நாள் கல்லைப் போட்டுத் தேய்த்ததெல்லாம்...

மைத்துனி பையின் ஜிப்பைத் திறக்கிறாள், மூடுகிறாள். "மாமா, கேக்கணும்னே இருந்தேன். கடைசியா நீங்கதான் பக்கத்துல இருந்தீங்க. பாப்பாவப் பத்தி அக்கா ஏதாவது சொன்னாளா? எங்கிட்ட விடணும்னு?" ஆமாம் என்றாலும் நம்புவாள், இல்லை என்றாலும் நம்புவாள், பாப்பா யாரிடம் என்பதும் அதோடு முடிந்துவிடும். ஆனால் அன்று ஆஸ்பத்திரியில் இவள் அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள், மருந்து ஒத்துக்கொள்ளாமல் உடம்பெல்லாம் அரிப்பு, நர்ஸ் கொடுத்த களிம்பைத் தள்ளிவிட்டு என் கையை இழுத்து முதுகில் வைத்துக்கொண்டாள், பாப்பாவைப் பற்றி ஒன்றுமில்லை, என்னைப் பற்றியும் இல்லை, மூச்சு சீராக வந்தது, தூங்கிவிட்டாள் என்று நினைத்து நிறுத்தப் போனேன்...

"அங்க இல்லங்க, இன்னும் கொஞ்சம் மேல."