நின்று நின்று வந்த ஆட்டம்

வாயாடி என்று வீட்டில் எல்லோரும் திட்டிய பிள்ளைக்குக் கடைசியில் அந்த வாய்தான் சோறு போட்டது. ஊர்த் தொலைக்காட்சியில் கால்பந்து ஆட்டங்களுக்கு அவன்தான் வர்ணனையாளன். அவனுடைய அப்பா, காலமெல்லாம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்து ஓய்வு பெற்ற கண்டக்டர், மனைவி இறந்த பிறகு கடல் தாண்டி மகள் வீட்டில் இருந்தார். ஆட்டத்தில் மகனின் முகம் தெரியாது, குரல் மட்டும்தான் வரும். அவருக்கு அது போதும்.

அந்தக் குரலில் அவருக்கென்று ஒரு வரி இருந்தது. முதல் பாதி முடிந்ததும், "அடுப்புல பால் வெச்சவங்க ஓடிப் போய்ப் பாருங்க" என்பான். ரேடியோவில் ஆட்டம் கேட்டுக்கொண்டே பாலைப் பொங்கவிட்டு, மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர் இவர். கேட்கிறவர்கள் எல்லாம் வேடிக்கை என்று சிரித்தார்கள். தனக்காகச் சொல்வது என்று இவருக்குத் தெரியும்.

வந்த புதிதில் எல்லாம் ஒழுங்காகத்தான் ஓடியது. கொஞ்ச நாளில் பீடை பிடித்தது. மத்தியானம் பழைய படம் போட்டால் தடங்கலே இருக்காது. சாயங்காலம் ஆட்டம் தொடங்கினால் போச்சு. பந்து அந்தரத்தில் நிற்கும், கோல்கீப்பர் பாய்ந்தபடியே தொங்குவார், நடுவில் ஒரு வட்டம் வேலை வெட்டி இல்லாமல் சுற்றும். மகன் குரல் பாதிச் சொல்லில் அறுந்துபோய், திரும்பி வரும்போது யார் கோல் போட்டார்கள் என்றே தெரியாது.

மகள் ஒரு நாளும் சலித்துக்கொண்டதில்லை. மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்ற காலோடு வந்து, இன்டர்நெட் ரவுட்டரைப் பிடுங்கிக் கொஞ்சம் பொறுத்துத் திரும்பச் சொருகுவாள். "சாயங்காலம் இந்தக் கட்டடமே டிவி பாக்குதுப்பா, லைன்ல நெரிசல்" என்பாள். நெரிசல் என்றால் கண்டக்டருக்குச் சொல்லித் தரவா வேண்டும்? ஒத்துக்கொண்டார். படத்தின் தரத்தைக் குறைத்தாள். ஆட்டக்காரர்களுக்கு முகம் போனதுதான் மிச்சம். ரவுட்டரை ஜன்னலோரம் நகர்த்தினாள், கூடத்தின் குறுக்கே ஒயர் இழுத்தாள். மைக்ரோவேவ் ஓடினால் வைஃபை கெடும் என்றாள். அன்றிலிருந்து அவர் சாயங்காலப் பாலைச் சுட வைப்பதையே விட்டுவிட்டார். குளிர்காலத்திலும் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து அப்படியே குடித்தார். தொண்டை கட்டிக்கொண்டது.

மகன் போனில் கேட்பான், "நேத்து கேட்டீங்களாப்பா?"

"எங்கடா, விட்டு விட்டு வருது."

அவன் டிவியில் மாட்டும் புதுப் பெட்டி ஒன்று வாங்கி, இந்தப் பக்கம் வந்த நண்பனிடம் கொடுத்தனுப்பினான். மகள் அதையும் சிரித்த முகமாக மாட்டிக் கொடுத்தாள். அதிலும் அதே வட்டம். பிறகு மகன் கேட்பதை நிறுத்திக்கொண்டான்.

இப்படியிருக்க, மகன் முதல் முறையாக இறுதியாட்டத்துக்கு வர்ணனை சொல்லும் நாள் வந்தது. மகள் வேலைக்குப் போயிருந்தாள். ஜலதோஷத்தோடு மாப்பிள்ளை வீட்டிலிருந்தான்.

"மாப்பிள்ள, இன்னிக்கு ஒரு நாளாவது முழுசாக் கேக்கணும். ஏதாவது செய்ய முடியுமா?"

மாப்பிள்ளை லாரி மெக்கானிக். இன்டர்நெட் மனைவியின் இலாகா, அவன் அதில் கை வைத்ததில்லை. "டிவிக்கு மட்டும் வேகத்தக் கூட்டி விடலாம்னு கூட வேலை பாக்கறவன் சொன்னான் மாமா, பாப்போம்" என்று போனில் ரவுட்டர் செயலியைத் திறந்தான். இரண்டு தும்மல் போட்டான். அப்புறம் அசையவில்லை.

"என்ன?"

"ஒண்ணுமில்ல மாமா."

"ஒண்ணுமில்லேன்னா மூஞ்சி ஏன் இப்படி ஆயிடுச்சு?"

"டிவிப் பெட்டிக்கு வேகத்தக் கொறைச்சு வெச்சிருக்கு. சாயங்காலத்துக்கு மட்டும். தானா ஆகாது மாமா, யாராவது வெச்சாத்தான்." மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நான் இல்ல" என்றான்.

வீட்டில் இருப்பதே மூன்று பேர்.

தெரியாமல் கை பட்டிருக்கும் என்று நினைக்கப் பார்த்தார். மைக்ரோவேவ் நினைவுக்கு வந்தது. மண்டியிட்டு ஒயர் இழுத்ததும், "பாவம்ப்பா நீங்க" என்று தோளைத் தட்டியதும் நினைவுக்கு வந்தன. பார்க்காதே என்று நேராகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பார், ஒரு வேளை சாப்பிடாமல் இருந்துவிட்டு அடங்கியிருப்பார். இது நம்ப வைத்துக் கழுத்தறுத்தது. அதுவும் பெற்ற மகள்.

மாப்பிள்ளை கட்டுப்பாட்டை எடுத்துவிட்டான். புல் ஒவ்வொன்றும் தெரிந்தது. மகன் குரல் கூடம் முழுக்க நிறைந்தது. முதல் பாதி முடிகிற நேரத்தில் மகள் கதவைத் திறந்தாள். தம்பியின் குரல் கேட்டதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"நீதானே?" என்றார்.

கணவனைப் பார்த்தாள். "ஆமா."

"ஏன்?"

"அக்காவுக்கு நானே சொல்றேன்னு உங்ககிட்ட சொன்னவன், அம்மாவுக்கு முடியலேன்னு எனக்குச் சொல்லவே இல்ல. எல்லாம் முடிஞ்சப்புறம் போன் பண்ணான். அந்தக் குரல் என் வீட்டுல கேக்கக் கூடாதுப்பா. என்னால தாங்க முடியல."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா கோச்சுக்கிட்டு அவன்கிட்டயே போயிடுவீங்க."

"அதுக்காகக் கூடவே உக்காந்து ஒயர மாத்தி மாத்திக் குத்தினியா? உன் கோவத்துல நியாயம் இருக்கு, நான் இல்லேங்கல. என்னப் பச்சப் பால் குடிக்க வெச்சியே, அதுல என்ன நியாயம்?"

அவள் வாய் திறப்பதற்குள் நடுவர் ஊதினார். காலமெல்லாம் பஸ்ஸில் விசில் ஊதிப் பழகிய உடம்பு, சத்தம் கேட்டதும் நிமிர்ந்தது. கையை உயர்த்தி மகளை அடக்கிவிட்டு, டிவி பக்கம் குனிந்தார்.

"முதல் பாதி முடிஞ்சது. சின்ன இடைவேளைக்கு அப்புறம் சந்திப்போம்" என்றான் மகன்.

விளம்பரம் வந்துவிட்டது. வட்டம் எதுவும் சுற்றவில்லை, ஒரு சொல்கூட அறுந்துபோகவில்லை. அவன் சொல்லவில்லை, அவ்வளவுதான். அப்பா கேட்காத வரியை அவனும் எத்தனை நாள்தான் சொல்லிக்கொண்டிருப்பான்?

மகளுக்கும் அந்த வரி தெரியும். அவளும் அதற்குக் காத்து நின்றிருந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு மெதுவாகச் சமையலறைக்குப் போனாள். ஃப்ரிட்ஜ் திறக்கும் சத்தம் கேட்டது.

"பால் சுட வெக்கட்டுமாப்பா?"

"வேணாம்மா" என்றார். "சில்லுனு குடிச்சே பழகிடுச்சு."