ஒன்பதாம் படிக்கு ஒரு டிக்

1.

மாலை நேரக் கதை எழுதும் வகுப்பில் ஆசிரியை சொன்னார்: "நீங்க வெட்கப்பட்ட ஒரு விஷயத்தை, வேற யாருக்கோ நடந்த மாதிரி எழுதிட்டு வாங்க." ஆகவே இது ஒரு பெண்ணின் கதை. அந்தப் பெண் நான்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்; நீங்கள் பாதியில் கண்டுபிடித்து, அதற்கும் சேர்த்து நான் தலைகுனிய வேண்டாம்.

2.

சனிக்கிழமை காலை. சர்வர் அறையின் குளிர் எலும்பு வரைக்கும்—

(நிறுத்திவிட்டேன். குளிரைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தால் விஷயத்துக்கு வர வேண்டியதில்லை என்று பார்க்கிறேன்.)

மறுபடியும். ஒரு மருத்துவமனை. அதன் கோப்புகள் வெளியார் யாரிடமும் இல்லை. தரைத்தளத்தில் எட்டு சர்வர்கள் கொண்ட சொந்தக் கிளவுடில் இருக்கின்றன. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவற்றுக்கு அப்டேட் போட வேண்டும். இரண்டு பேர் வேலை. சீனியர் அண்ணன் கட்டளைகளைத் தட்டுவார். அவள் பட்டியலை உரக்கப் படித்து, ஒவ்வொரு படியும் முடிந்ததைத் தன் கண்ணால் பார்த்த பிறகே டிக் போடுவாள். எதையும் நோட்டில் எழுதிவைக்கிறவள் என்பதால் அவர் அவளுக்கு வைத்த பெயர் ஆடிட்டர்.

ஒன்பதாம் படி: அப்டேட்டுக்கு முன் எடுத்து வைத்த நகலிலிருந்து, அதாவது பேக்கப்பிலிருந்து, ஒரு கோப்பைத் திறந்து பார்.

சொடுக்கினாள். திரையில் வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. மகளின் பள்ளியிலிருந்து வந்த போனைப் பேசப் போயிருந்த அண்ணன் உள்ளே வந்தார்.

"என்ன ஆடிட்டர், ஒன்பது பாத்தாச்சா?"

"பாத்துட்டேண்ணா."

(முதல் வரைவில் இந்த இடத்தில் அவளுக்குத் தலைவலி. இரண்டாவதில் பசி. இரண்டையும் அடித்துவிட்டேன். அவளுக்குப் பொறுமை இல்லை, அவ்வளவுதான்.)

3.

அப்டேட்டுக்குப் பிறகு ஆறாவது சர்வர் எழவே இல்லை. பேக்கப்பைத் திறந்தார்கள். கோப்புகளின் பெயர்கள் ஒழுங்காக வரிசையில் நின்றன. உள்ளே ஒன்றுமில்லை.

போனவை பேச்சுப் பயிற்சிப் பிரிவின் ஒலிப்பதிவுகள். பக்கவாதத்தில் பேச்சை இழந்த ஒரு பஸ் டிரைவர்; வாரம் ஒரு பதிவு, பதினோரு வாரம்.*

பயிற்சி கொடுக்கும் அக்கா சத்தம் போடவில்லை. "முதல் வாரத்தையும் கடைசி வாரத்தையும் சேத்துக் கேக்கணும்னு அவர் வீட்டம்மா ஆசைப்பட்டாங்க. அவங்ககிட்ட என்ன சொல்றதுன்னு மட்டும் சொல்லுங்க."

*அவர் முதலில் திரும்பப் பெற்ற சொல் எது என்று ஒரு வரி எழுதியிருந்தேன். உருக்கமாக வந்திருந்தது. எனக்கு அது தெரியவே தெரியாது. எடுத்துவிட்டேன்.

4.

மேலாளர் கூப்பிட்டு விசாரித்தார்.

அண்ணன் சொன்னார்: "ஆடிட்டர் பாத்தப்ப நல்லாத்தான் சார் இருந்திருக்கு. அதுக்கப்புறம் நான்தான் எங்கேயோ சொதப்பியிருக்கேன்."

அவள் மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று வாரமாக அவர், அன்று தட்டிய கட்டளைகளையெல்லாம் அச்செடுத்து வைத்துக்கொண்டு வரி வரியாகப் படிக்கிறார்.

"இந்த வரியைப் பாரேன். இங்கதான் பேக்கப் மேலயே எழுதி அதை அழிச்சிட்டேனோ?"

"தெரியலண்ணா."

"பதினாலு வருஷம். கை தப்புனது எனக்கே தெரியலையே."

போன வாரம் அவரே மேலாளரிடம் போனார். "என் கை மேல எனக்கு நம்பிக்கை போச்சு சார். அடுத்த அப்டேட்டை அவ பண்ணட்டும்."

5.

முடிவுகளாக யோசித்தவை:

அவள் சொல்கிறாள், அவர் சிரித்து மன்னிக்கிறார். (எனக்கு வசதியானது.)

சொல்லாமலே வேலையை விட்டுவிடுகிறாள். (கோழைத்தனத்துக்குத் தியாகம் என்று பெயர் வைப்பது.)

அவரே கண்டுபிடித்துவிடுகிறார். (மூன்று வாரமாக நான் காத்திருப்பது இதற்குத்தான். இருப்பதில் கேவலமானதும் இதுதான்.)

6.

வகுப்பு வியாழக்கிழமை. இன்று செவ்வாய். இதை அச்செடுத்து, ஆசிரியையிடம் கொடுப்பதற்கு முன்பே வேறொருவரிடம் கொடுக்கிறேன்.

அண்ணா, ஒன்பதை நான் பார்க்கவில்லை. கோப்பு அப்போதே திறக்கவில்லை; பார்த்ததாகச் சொன்னேன். நீங்கள் எந்த வரியிலும் தப்பு செய்யவில்லை. இன்று சாயங்காலம் மேலாளரிடமும் அக்காவிடமும் போய்ச் சொல்லப் போகிறேன். உங்களிடம் சொல்வதற்கு முன்பு அவர்களிடம் சொல்லக் கூடாது என்று தோன்றியது. முதல் முடிவை நான் எதிர்பார்க்கவில்லை என்று எழுதினால் அதுவும் பொய்யாகிவிடும்.

நீங்கள் இதைப் படிக்கும்போது நான் எதிர் நாற்காலியில்தான் இருப்பேன். நீங்கள் தலை நிமிர்ந்ததும் நடக்கப்போவதை நான் எழுதவில்லை.